பீப்பாயை விரித்தவர்கள்

208 லிட்டர் கொள்ளும் இரும்பு டிரம் உலகெங்கும் ஏறக்குறைய ஒரே அளவில் வருகிறது. உயரம் 88 சென்டிமீட்டர், விட்டம் 57 அல்லது 58, தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி. உள்ளே இருந்த எண்ணெய் தீர்ந்ததும் நம் ஊரில் அதில் தண்ணீர் பிடித்து வைப்பார்கள், தார் காய்ச்சுவார்கள். துருப்பிடித்து ஓட்டை விழுந்த பிறகு காயலான் கடைக்கு எடைக்குப் போகும். கரீபியன் கடலின் இரண்டு நாடுகளில் இதே டிரம்முக்கு வேறு வாழ்க்கை அமைந்தது. டிரினிடாடில் அதன் வட்ட முகத்தைக் குழிவாக அடித்து இறக்கி, சுருதி சேர்த்து, ஸ்டீல்பேன் என்ற இசைக்கருவியாக்கினார்கள். ஹைத்தியில் அதன் உடலைக் கிழித்து விரித்து, உளியால் வெட்டிச் சிற்பம் செய்தார்கள். பொருள் ஒன்றுதான். காலமும் ஏறத்தாழ ஒன்றுதான், இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகள். விளைந்தவையோ ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை. டிரினிடாடில் டிரம்மைக் கையில் எடுத்தவர்கள் தாளக்காரர்கள். 1880-களில் காலனி அரசு தோல் முரசுகளை ஒடுக்கியபோது மூங்கில் குழாய்களைத் தரையில் குத்தித் தாளம் போட்டு, பிறகு தகர டப்பாக்களுக்கு வந்து சேர்ந்த பரம்பரை அது. ஹைத்தியில் அதை எடுத்தவர் ஒரு கொல்லர். பழைய இரும்பிலிருந்து பிறக்கும் கலையைப் பற்றி யோசிக்க இந்த வேறுபாடுதான் சரியான தொடக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கலையைப் பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி ஒரே பாட்டைப் பாடுகிறது: வேண்டாமென்று எறிந்ததை எடுத்து அழகாக்கினார்கள், குப்பை குறைந்தது, பூமிக்கு நல்லது. இதில் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. முதலாவது, இரும்பு குப்பையில் போய்ச் சேரும் பொருளே அல்ல. காந்தத்தால் பிரித்தெடுக்க முடிவதாலும், உருக்கினால் தரம் அதிகம் குறையாததாலும், உலகில் மிகுதியாக மறுசுழற்சிக்குப் போகும் பொருள்களில் அது முன்னணியில் இருக்கிறது. ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த வண்டிக்காரரை அறிந்த தமிழருக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பழைய உலோகம் என்றைக்குமே காசு. ஒரு சிற்பி எடுத்துக்கொள்ளாத டிரம் பெரும்பாலும் உலைக்குப் போய்க் கம்பியாகத் திரும்பியிருக்கும். இரண்டாவது கோளாறு இன்னும் பெரியது. பொருளின் தாழ்ந்த நிலையையும் செய்தவரின் நல்ல மனதையும் புகழும் இந்தப் பேச்சு, நடுவில் இருக்கும் வேலையை மறைத்துவிடுகிறது. உடைந்த பல்சக்கரத்தையும் பாட்டில் மூடியையும் யார் ஒட்டினாலும் கலை பிறந்துவிடும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வருகிறது. என் வாதம் இதற்கு எதிரானது. பழைய இரும்பைக் கலையாக்குவது, அதைத் தொடுமுன்பே அந்தக் கைகளில் ஏறியிருந்த தொழில். அந்தத் தொழில் ஒரு வீட்டு முற்றத்தில் ஒருவர் பார்க்க இன்னொருவர் கற்றுக்கொள்ளும்படி திறந்து கிடந்தால், ஒருவருடைய திறமை ஓர் ஊரின் கலையாகிறது.

ஹைத்தியின் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு வடகிழக்கே குவா-டெ-புக்கே என்ற ஊர் இருக்கிறது. 1899-இல் பிறந்த ஜார்ஜ் லியோட்டோ அங்கே பட்டறை வைத்திருந்தார். கரும்பு ஏற்றிச் செல்லும் ரயிலில் பழுதுபார்க்கும் வேலை செய்தவர்; பட்டறையில் உழவுக் கருவிகள், மாட்டுக்குச் சூடு போடும் குறிக்கம்பிகள், கல்லறைச் சிலுவைகள் என்று ஊர் கேட்டதையெல்லாம் அடித்துக் கொடுத்தவர். சிலுவை என்றால் இரண்டு பட்டையைக் குறுக்கே பிணைத்தது மட்டுமல்ல. சுருள்களும் கிளைகளுமாக, காற்றுக்குள் கோடு இழுத்த மாதிரியான வேலைப்பாடு. 1953-இல் அந்தக் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்த அமெரிக்கர் டிவிட் பீட்டர்ஸ், செய்தவர் யார் என்று விசாரித்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். 1944-இல் போர்ட்-ஓ-பிரின்ஸில் 'சாந்த்ர் தார்' என்ற கலை மையத்தைத் தொடங்கியவர் அவர். அவருடைய தூண்டுதலில் லியோட்டோ சிலுவைக்கு வெளியே உருவங்களையும் செய்யத் தொடங்கினார். டிரம் தகடு அவருடைய முதன்மைப் பொருளானது அதற்குப் பிறகுதான். 1989-இல் பாரிஸின் பாம்பிடு மையம் உலகின் பல மூலைகளிலிருந்து கலைஞர்களைத் திரட்டி நடத்திய 'பூமியின் மந்திரவாதிகள்' கண்காட்சியில் அவர் படைப்புகளும் இடம்பெற்றன. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் தொழில், பிறகு வடிவம், அதற்கும் பிறகுதான் பழைய டிரம். கலை டிரம்மிலிருந்து தொடங்கவில்லை. தொழில் தனக்கு வசதியான, விலை மலிந்த தகட்டை டிரம்மில் கண்டுகொண்டது.

தகட்டை எப்படிக் கையாள்கிறார்கள் என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். டிரம்மின் இரண்டு முனை வட்டங்களையும் முதலில் வெட்டி எடுக்கிறார்கள். உடலுக்குள் காய்ந்த வாழை இலையோ கரும்புத் தோகையோ வைக்கோலோ அடைத்துக் கொளுத்துகிறார்கள். பெயின்ட்டும் எண்ணெய்ப் பிசுக்கும் எரிந்து போகின்றன. ஆறிய பிறகு மேலிருந்து கீழாக ஒரு கோடு வெட்டி, உருளையைத் திறந்து, ஏறி மிதித்தும் சுத்தியலால் அடித்தும் தரையில் படுக்க வைக்கிறார்கள். டிரம்மை உருட்ட வசதியாகச் சுற்றிலும் எழுப்பியிருக்கும் வளையப் புடைப்புகள் எளிதில் படியாது, அவற்றை விரல் விரலாக அடித்து இறக்க வேண்டும். கடைசியில் கிடைப்பது 180 சென்டிமீட்டர் நீளமும் 88 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு தகடு. அதன்மேல் சாக்குக்கட்டியால் படம் வரைந்து, உளியும் சுத்தியலும் கொண்டு கோட்டின்மேலேயே நடக்கிறார்கள். பிறகு ஓரத்தின் பிசிறை அரத்தால் தேய்த்து எடுப்பது, பின்புறமிருந்து குத்திக் கண்ணும் செதிலும் இறகும் எழுப்புவது, வார்னிஷ் பூசுவது. இதில் வெல்டிங்குக்கு இடமில்லை. மின்சாரம் இல்லாமல் முற்றத்து மரநிழலில் முழு வேலையும் முடிந்துவிடும். இல்லாமையால் வந்த சமாளிப்பு என்று இதைச் சொல்வது முழு உண்மையாகாது. எரியக்கூடிய திரவம் இருந்த டிரம்முக்குள் ஆவி தங்கியிருந்தால், நெருப்புக்குழாயால் வெட்டும்போது அது வெடிகுண்டாகவே வெடிக்கும். உலகெங்கும் பட்டறைகளில் ஆட்கள் இப்படிச் செத்திருக்கிறார்கள். முனை வட்டங்களை எடுத்து, உள்ளே எரித்து, அதன் பின் சூடில்லாத உளியால் வெட்டுகிற இந்த வரிசையில் அந்த ஆபத்து பெருமளவு விலகிப்போகிறது. கைக்கு வந்த அறிவு எப்போதும் வார்த்தையாக இருப்பதில்லை, வேலையின் வரிசையாக இருக்கிறது.

வடிவமும் இங்கிருந்தே வருகிறது. ஹைத்தியின் டிரம் சிற்பம் தட்டையானது, சுவரில் மாட்டுவதற்கானது. உருவத்தின் வெளிக்கோடும் உள்ளே வெட்டி எடுத்த வெற்றிடமும்தான் அதன் மொழி. வெட்டி வைத்த முனை வட்டத்துக்குள் கிளை பரப்பும் மரங்களும் சூரிய முகங்களும் இத்தனை ஏன் என்று கேட்டால், விடையில் பாதி அந்த வட்டத்தின் விட்டத்தில் இருக்கிறது. மறுபாதியை ஊரின் நம்பிக்கையில் தேட வேண்டும். வோடூ வழிபாட்டில் ஒவ்வொரு தெய்வத்துக்கும் உரிய 'வேவே' என்ற கோட்டுருவத்தைத் தரையில் மக்காச்சோள மாவால் வரைவார்கள். அரிசி மாவில் கோலம் போடுகிறவர்களுக்கு அந்தக் கையின் ஓட்டம் அந்நியமாக இராது. மாவுக்கோட்டில் பழகிய கண்ணுக்குத் தகட்டில் உளிக்கோடு இயல்பாகவே வரும். இரும்புக்கென்றே ஓகூ என்ற தெய்வம் அவர்களுக்கு உண்டு, மேற்கு ஆப்பிரிக்க யொரூபா மக்களின் ஓகுன் கடல் தாண்டி வந்த வடிவம் அது. பாதி மீனும் பாதிப் பெண்ணுமான லா சிரேன் தகடுகளில் திரும்பத் திரும்ப வருகிறாள். கைத்தொழில், தகட்டின் அளவு, தரையில் வரைந்த கோடு மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் இந்தச் சிற்பம் நிற்கிறது. 'கழிவு' என்ற சொல் அந்த மூன்றில் எதையும் விளக்காது.

ஹைத்தி ஒரு விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. ஐரோப்பிய, அமெரிக்க நவீன சிற்பத்தில் இரும்பு நுழைந்த கதையும் இதையே சொல்கிறது. ஹூலியோ கொன்சாலெஸ் பார்சிலோனாவின் உலோக வேலைக் குடும்பத்தில் பிறந்தவர். 1918-இல் பாரிஸை அடுத்த ரெனோ தொழிற்சாலையில் வாயு வெல்டிங் கற்றார். பத்தாண்டுகள் கழித்து பிக்காசோவுக்கு இரும்பு வேலையில் கைகொடுத்தது அந்தத் தொழிற்சாலை அறிவுதான். அமெரிக்கச் சிற்பி டேவிட் ஸ்மித் 1925-இல் ஸ்டூடிபேக்கர் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், போர்க்காலத்தில் ரயில் இன்ஜின் தொழிற்சாலையில் டாங்கிகளுக்கு வெல்டிங் செய்தார். 1962-இல் இத்தாலியின் வோல்ட்ரியில் கைவிடப்பட்ட உருக்காலைகளை அவரிடம் ஒப்படைத்தபோது, அங்கே கிடந்த கிடுக்கிகள், சக்கரங்கள், தகட்டுத் துண்டுகளைக் கொண்டு 30 நாளில் 27 சிற்பங்கள் முடித்தார். ஓரிரண்டு செய்தால் போதும் என்றுதான் அவரை அழைத்திருந்தார்கள். 27 என்ற எண்ணை உத்வேகத்தின் அளவாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது தொழிலாளியின் வேகமாகவே தெரிகிறது. எந்தத் துண்டு எந்த இணைப்பைத் தாங்கும் என்று யோசிக்க நிற்காத கைக்கு மட்டும் அந்த வேகம் வரும்.

இதற்கு எதிராக எவரும் முதலில் நீட்டக்கூடிய படைப்பு பிக்காசோவின் 'காளைத் தலை'. 1942-இல் ஒரு பழைய சைக்கிள் இருக்கையையும் ஒரு கைப்பிடியையும் சேர்த்தார், கொம்பும் முகமும் வந்துவிட்டன. இதில் தொழில் எங்கே, கண் மட்டும்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கண்டெடுக்கும் கண் ஒரு தனி ஆற்றல் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு முறை மின்னுகிற ஆற்றல். இன்னொருவர் அதே இருக்கையையும் கைப்பிடியையும் சேர்த்தால் அது பிக்காசோவின் நகலாகவே இருக்கும், அந்த வழியில் ஒரு பரம்பரை உருவாக இடமில்லை. லியோட்டோவின் உளியைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களோ அவரை நகலெடுக்காமலே அவர் வழியில் போக முடிந்தது. முரா பிரியேர் ஓர் உருவத்துக்குள் இன்னோர் உருவத்தைப் பொதித்துச் செய்தார். லூயிஜூஸ்ட் சகோதரர்களிடம் பயின்ற செர்ஜ் ஜோலிமோ நீண்டு வளையும் பெண்ணுருக்களைப் பின்னல் போன்ற நுணுக்கத்தோடு வெட்டினார். அங்கேயே பயின்ற கேப்ரியல் பியன்-எமே தகட்டின் சில பகுதிகளை மடித்தும் முறுக்கியும் சுவரிலிருந்து வெளியே நீட்டினார். ஒரே கருவிப்பெட்டியிலிருந்து மூன்று தனிக் கைகள்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. உலோகத்தின் முந்தைய வாழ்க்கைதான் இந்தக் கலையின் பொருள், அது இல்லாவிட்டால் புதுத் தகடே வாங்கிக்கொள்ளலாமே என்பது. மொசாம்பிக் இதற்குச் சிறந்த சான்று. 1977 முதல் 1992 வரை நீடித்த உள்நாட்டுப் போருக்குப் பின், 1995-இல் அந்நாட்டுக் கிறிஸ்தவ மன்றம் ஆயர் டினிஸ் செங்குலானேயின் முயற்சியில் ஒரு திட்டம் தொடங்கியது. துப்பாக்கியைக் கொடுப்பவருக்கு மண்வெட்டி, தையல் இயந்திரம், சைக்கிள் என்று கொடுத்தார்கள்; வாங்கிய ஆயுதங்களைச் சுடமுடியாதபடி துண்டுபோட்டுக் கலைஞர்களிடம் தந்தார்கள். கெஸ்டர் என்று அறியப்படும் சிற்பி 2001-இல் அந்தத் துண்டுகளால் செய்த 'ஆயுத அரியணை' இன்று லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உட்காரும் இடமும் சாயும் இடமும் துப்பாக்கிப் பாகங்கள். அதில் உலோகத்தின் நினைவை அழித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் நாற்காலி. ஹைத்தியிலேயே தலைநகரின் கிரான் ரூ தெருவில், கார் பழுதுபார்க்கும் கொட்டில்களுக்கு நடுவே உருவான, ஆந்த்ரே யூஜின், செலூர் முதலானோரின் 'அத்திஸ் ரெசிஸ்டான்ஸ்' குழுவும் இப்படித்தான். இன்ஜின் பாகம் இன்ஜின் பாகமாகவே தெரிய வேண்டும் அவர்களுக்கு. 2007-இல் லிவர்பூலின் அடிமை வணிக அருங்காட்சியகத்துக்குச் செய்த 'விடுதலை' சிற்பத்திலும், 2022-இல் ஜெர்மனியின் காசெல் நகரில் நடந்த டாக்குமென்டா கண்காட்சியில் ஒரு தேவாலயத்தை நிறைத்த படைப்புகளிலும் அந்த முரட்டுத்தனம் தெரிந்தே விடப்பட்டது.

இவற்றை நான் முழுதாக ஏற்கிறேன். ஏற்ற பிறகுதான் ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. மொசாம்பிக்கில் உலோகத்தின் கடந்தகாலம் காட்டப்படுகிறது. குவா-டெ-புக்கேயில் அதே கடந்தகாலம் வைக்கோல் தீயில் எரிக்கப்பட்டு, அடித்துத் தட்டையாக்கப்பட்டு, வார்னிஷுக்கு அடியில் மறைகிறது. சுவரில் தொங்கும் கடற்கன்னியைப் பார்ப்பவருக்கு அது டிரம் என்று சொன்னால்தான் தெரியும். ஒன்று நினைவூட்டுகிறது, மற்றது மறக்கச் செய்கிறது, இரண்டும் கலையாக நிற்கின்றன. அப்படியானால் பழைய உலோகம் என்பது இரண்டுக்கும் பொதுவான காரணமாக இருக்க முடியாது. பொதுவாக இருப்பது வேலை தெரிந்த கைதான். கெஸ்டரின் அரியணை நம்மைத் தாக்குவதற்குக் காரணம் அது உண்மையிலேயே ஒரு நாற்காலியின் கட்டுமானத்தோடு, எடை தாங்கும் இணைப்புகளோடு நிற்பது. பாகங்கள் தளர்ந்து சரிந்திருந்தால் அங்கே ஆயுதக் குவியல் மட்டுமே இருந்திருக்கும்.

பீட்டர்ஸ் வராவிட்டால் லியோட்டோ கொல்லராகவே செத்திருப்பார், ஆகவே கலையை உண்டாக்கியது வெளியாளின் பார்வையும் சந்தையும்தான் என்றும் சொல்வார்கள். டிரம் சிற்பம் என்ற வகை உருவானதில் கலை மையத்துக்கும் வாங்க வந்த வெளிநாட்டவருக்கும் பெரிய பங்கு உண்டு, சந்தேகமில்லை. ஆனால் பீட்டர்ஸ் பார்த்து நின்றது கல்லறைத் தோட்டத்தில். அந்தச் சுருள்களுக்குக் கூலி கொடுத்தவர்கள் அவ்வூர்க் குடும்பங்கள். இறந்தவருக்கு வெறும் குறியீடு போதும் என்று அவர்கள் நினைத்திருந்தால் பட்டறை அத்தோடு நிறுத்தியிருக்கும். அழகைக் கேட்ட ஊர் முதலில் இருந்தது, பெயர் சூட்டிய மையம் பின்னால் வந்தது. சந்தையின் பாதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. 2010 நிலநடுக்கத்துக்குப் பின் அமெரிக்காவின் மேசிஸ் கடைகள் ஹைத்திக் கைவினைகளைத் தொடர்ந்து வாங்கியபோது பலருக்குச் சோறு கிடைத்தது. கூடவே ஒரே பல்லி, ஒரே சூரியன், ஒரே கடற்கன்னி அச்சுப்போட்டது போல் பெருகின. இதைச் சீரழிவு என்று விமர்சகர்கள் சொல்வதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. நூறாவது பல்லியை வெட்டும் பையன் உளி பழகுகிறான். கூலி கிடைக்கும் மாதிரிவேலையே ஒரு தொழிலில் புதியவரைத் தாக்குப்பிடிக்க வைக்கிறது. ஜோலிமோவைப் போன்றவர்கள் வருவது அந்தக் கூட்டத்திலிருந்துதான். கவலைப்பட வேண்டியது, நூற்றொன்றாவதைத் தன் விருப்பப்படி வெட்ட அவனுக்கு நேரமும் தகடும் மிஞ்சுகிறதா என்பதைப் பற்றி. அவனுக்கு டிரம் இலவசமாகக் கிடைப்பதில்லை என்பதைத் தொலைவிலிருந்து புகழ்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். பழைய டிரம்முக்கும் விலை உண்டு, அதைத் தண்ணீருக்கும் தானியத்துக்கும் வாங்க நிற்பவர்களோடு அவன் போட்டியிட வேண்டும். வறுமையே கலை தந்தது என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

வீட்டில் இந்த வேலையில் இறங்க விரும்பும் எவருக்கும் மேலே சொன்னதில் ஒரு நேரடி விளைவு இருக்கிறது. படத்தைப் பார்த்துப் பொருள் பொறுக்குவதற்கு முன் உலோகத்தை அறிய வேண்டும். நாகம் பூசிய குழாயையோ தகட்டையோ வெல்டிங் செய்தால் எழும் வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தவருக்கு அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும், பட்டறைக்காரர்கள் அனுபவத்தில் அறிந்த நோய் அது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், மூடிய அறையில் அதைச் சுரண்டவோ எரிக்கவோ கூடாது. வெட்டிய தகட்டின் ஓரம் கத்திதான். மெல்லிய தகட்டில் அதிகச் சூடு கொடுத்தால் ஓட்டை விழும், கனத்த வார்ப்பிரும்பை அவசரமாகச் சூடாக்கிக் குளிரவிட்டால் விரிசல் விடும். இவற்றைப் புத்தகத்தில் படிக்கலாம், ஆனால் எந்த ஓசையில் உளி சரியாக இறங்குகிறது என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும்.

குவா-டெ-புக்கேயின் நோவாய் பகுதியில் வீடு என்பதற்கு அந்தப் பக்கத்து ஆளும் சேர்ந்தே பொருள். பல குடும்பங்கள் ஒரு முற்றத்தைச் சுற்றி வாழும் அமைப்புக்கு ஹைத்திய கிரியோலில் 'லாக்கு' என்று பெயர். சமையலும் சண்டையும் வழிபாடும் நடக்கும் அதே முற்றத்தில்தான் டிரம் விரிகிறது. சிறுவர்கள் அரம் தேய்ப்பதில் தொடங்கி, வார்னிஷுக்கு வந்து, ஒரு நாள் உளிக்கு வருகிறார்கள். பள்ளிக்கூடமும் சான்றிதழும் இல்லாமல் ஒரே பகுதியில் இத்தனை பட்டறைகள் எழுந்தது இப்படித்தான். சில ஆண்டுகளாக குவா-டெ-புக்கே '400 மவோசோ' என்ற ஆயுதக் கும்பலின் பிடியில் இருக்கிறது. கடத்தலுக்கும் கொலைக்கும் அஞ்சி நோவாயின் கலைஞர்கள் பலர் பட்டறையைப் பூட்டிவிட்டு வெளியேறிவிட்டார்கள், சிற்பம் வாங்க வந்த பயணிகளின் வரத்து நின்றே போனது. வெளியேறியவருக்கு வேறோர் ஊரில் டிரம் கிடைக்கும், உளியையும் சுத்தியலையும் அவர் கையோடு கொண்டுபோயிருப்பார். அரம் தேய்த்துக்கொண்டே அவர் கையைப் பார்த்திருந்த சிறுவனையும், உளியின் ஓசை மாறியதும் வேலிக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்த பக்கத்துப் பட்டறைக்காரரையும் அவரால் கொண்டுபோக முடியவில்லை.